பதின்வயதுப் பிள்ளைகளோடு வெளிநாடு போகிறீர்களா? சாப்பிட நல்ல இடம் தேட ஒரு வழிகாட்டி

ஏதாவது ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயரைப் போட்டு, குடும்பத்தோடு சாப்பிட ஏற்ற உணவகம் என்று தேடிப் பாருங்கள். வருகிற பட்டியல் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கானது. குழந்தை நாற்காலி இருக்கிறதா, வண்ணம் தீட்டத் தாளும் பென்சிலும் தருவார்களா, தள்ளுவண்டியை உள்ளே கொண்டுபோக இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அந்தப் பட்டியலைப் போடுகிறார்கள். குழந்தைகளுக்கான மெனு என்பதும் பல இடங்களில் 10 அல்லது 12 வயதோடு முடிந்துவிடும். 14 வயதுப் பெண்ணையும் 16 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

இந்த வயதுப் பிள்ளைகளின் தேவையே வேறு. வயிறு நிறைய வேண்டும். ஆளாளுக்குப் பிடித்ததைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ள முடிய வேண்டும். சாப்பாடு சீக்கிரம் மேசைக்கு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்வதில் தங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பெற்றோர் அதிகம் கவனிப்பதில்லை. அம்மா அப்பா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அருமையான உணவகத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரும் அதே பிள்ளை, தானே தேடிக் கண்டுபிடித்த சுமாரான கடையில் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து வரும். அதனால் கீழே சொல்கிற ஒவ்வொரு படியையும் பிள்ளைகளோடு சேர்ந்தே செய்யுங்கள்.

கிளம்பும் முன் ஒரு பேச்சு

டிக்கெட் எடுத்தவுடன் எங்கெங்கே சுற்றலாம் என்றுதான் எல்லோரும் பேசுவோம். சாப்பாட்டைப் பற்றியும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் போதும். எதைச் சாப்பிடவே மாட்டாய்? எது உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது? அந்த ஊருக்குப் போனால் சாப்பிட்டே தீர வேண்டும் என்று நினைப்பது எது?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகளிடம் தயாராகப் பதில் இருக்கும். வீடியோக்களில் பார்த்து வைத்திருப்பார்கள். அது ஒரு ஐஸ்கிரீம் கடையாகவோ நூடுல்ஸ் கடையாகவோ இருந்தாலும், இதற்காகவா இவ்வளவு தூரம் என்று கேட்காமல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் ஒரு பட்டியலைத் தொடங்கி வீட்டில் எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டால், அவரவர் கைபேசியிலிருந்தே இடங்களைச் சேர்க்கலாம். தங்கப்போகும் இடத்தையும் பார்க்கப்போகும் இடங்களையும் அதிலேயே குறித்து வையுங்கள். எந்தக் கடை எந்த நாளின் வழியில் வருகிறது என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த நகரத்தின் வரைபடத்தையும், மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த நாட்டு மொழியையும் இணையம் இல்லாமலே வேலை செய்யும்படி தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

முன்பதிவு விஷயத்தில் என் யோசனை: முழுப் பயணத்துக்கும் ஒன்றோ இரண்டோ இடங்களுக்கு மேல் வேண்டாம். நாள் முழுக்க நடந்த பிறகு பிள்ளைகளுக்கு என்ன தோன்றும் என்பதை ஒரு மாதம் முன்பே சொல்ல முடியாது. சில உணவகங்கள் முன்பதிவின்போது கார்டு எண் கேட்கும். சொல்லாமல் வராமல் போனால் தலைக்கு இவ்வளவு என்று பணம் பிடிக்கும். எத்தனை மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம் என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அந்த நாட்டுக் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். உணவகம் திறந்திருப்பது வேறு, அடுப்பு எரிந்துகொண்டிருப்பது வேறு. ஸ்பெயினில் மதியச் சாப்பாடே ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பல சமையலறைகள் எட்டு, எட்டரைக்குத்தான் திறக்கும். ஊர்க்காரர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து உட்காருவார்கள். பிரான்ஸில் மதியம் 12-லிருந்து 2 வரை, பிறகு இரவு ஏழு மணி வாக்கில் என்று இரண்டே வேளை. நடுவில் நான்கு மணிக்குப் போய் நின்றால் காபி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. நாள் முழுக்கப் பரிமாறும் பிராசரி வகைக் கடைகள் வாசலில் ‘செர்வீஸ் கோந்தினூ’ என்று எழுதிவைத்திருப்பார்கள். பிரான்ஸுக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வார்த்தையைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். இத்தாலியில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல்தான். ஜப்பானில் கடை மூடும் நேரத்தைவிட, கடைசி ஆர்டர் எடுக்கும் நேரம்தான் முக்கியம். மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். ஜெர்மனியில் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் உணவகங்கள் நிறைய. அது பெரும்பாலும் திங்கட்கிழமை.

பதின்வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வரும், காலையில் எழுவதும் தாமதமாகும். சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி பருவ வயதில் உடம்புக்குள் நடக்கும் மாற்றம்தான். அதனால் ஸ்பெயினின் ஒன்பது மணிச் சாப்பாடு ஐந்து வயதுக் குழந்தைக்குத்தான் கஷ்டம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வசதியாகவே இருக்கும், மாலை ஆறு மணிப் பசிக்கு ஏதாவது கையில் இருந்தால். ஸ்பெயினில் அந்த வேளைக்கு, சின்னச் சின்னத் தட்டுகளில் நொறுக்குத்தீனி தரும் டாப்பாஸ் கடைகள் இருக்கின்றன. இத்தாலியில் பெரிய தட்டில் சுட்ட பீட்சாவை வெட்டி எடை போட்டு விற்பார்கள். ஒரு துண்டு வாங்கினால் இரவுவரை தாங்கும். காலையிலும் அப்படித்தான். விடுதியில் காலை உணவு ஒன்பது மணிக்கே முடிந்துவிடும் என்றால், பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

வரைபடத்தில் தேடும் முறை

பிள்ளை கையில் கைபேசியைக் கொடுத்து இந்த வரிசையில் தேடச் சொல்லுங்கள்.

முதலில் ‘இப்போது திறந்திருக்கிறது’ என்ற வடிகட்டியைப் போட வேண்டும். அப்புறம் நட்சத்திரத்தோடு சேர்த்து எத்தனை பேர் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முப்பது பேர் சேர்ந்து கொடுத்த 4.9-ஐவிட இரண்டாயிரம் பேர் கொடுத்த 4.3-ஐ நான் நம்புவேன். ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு கடைசி இரண்டு மூன்று மாதத்தில் வந்தவற்றை மட்டும் படித்தால் போதும். சமையல்காரர் மாறியிருப்பார், விலை ஏறியிருக்கும். பழைய புகழ்ச்சியால் பயன் இல்லை.

ரிவ்யூக்களுக்குள்ளேயே தேட ஒரு பெட்டி இருக்கும். அதில் டீனேஜர், மகன், மகள், அளவு, காத்திருப்பு என்பதற்கெல்லாம் ஆங்கிலச் சொற்களைத் தட்டிப் பாருங்கள். பதினாறு வயதுப் பையனுக்கே ஒரு தட்டு அதிகமாக இருந்தது என்று யாரோ ஒரு பெற்றோர் எழுதியிருப்பார். நமக்கு வேண்டிய தகவல் அதுதான். பக்கத்திலேயே எந்த மணிக்குக் கூட்டம் அதிகம் என்று பட்டைகளாகக் காட்டும் படம் இருக்கும். கூட்டம் உச்சத்தைத் தொடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள்.

படங்களைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்ததைப் பார்க்க வேண்டும். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முள்கரண்டியோ கையோ தெரிந்தால் எவ்வளவு தருவார்கள் என்பது புரிந்துவிடும். மெனு அட்டையின் படம் இருந்தால் பெரிதாக்கிப் படிக்கலாம். எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களையும் கவனியுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டிரண்டு பேராக இருந்தால் அது வேறு மாதிரி இடம். பெரிய மேசைகளும், பள்ளிப் பையோடு உட்கார்ந்திருக்கும் பசங்களும் தெரிந்தால் தயங்காமல் போகலாம். பள்ளி, கல்லூரிப் பக்கத்துக் கடைகளை நான் விசேஷமாகச் சொல்வேன். உள்ளூர் மாணவர்கள் கூடும் இடத்தில் விலையும் அடக்கமாக இருக்கும், நம் பிள்ளைக்கும் தன் வயதுக்காரர்கள் நடுவில் இருக்கும் தெம்பு வரும்.

எல்லா நாட்டுக்கும் கூகுள் ஒன்றே போதாது. சீனாவில் அது வேலையே செய்யாது. அங்கே வழி காட்ட அமேப், உணவகம் தேட தியான்பிங். தென் கொரியாவில் ஊர்க்காரர்கள் நம்புவது நேவர் மேப்பையும் காக்காவோ மேப்பையும். ஜப்பானியர்கள் டேபெலாக் தளத்தைப் பார்த்துத்தான் உணவகம் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே மதிப்பெண் போடும் கை கொஞ்சம் இறுக்கம், 3.5 வாங்கிவிட்டாலே மிக நல்ல கடை. வேறு தளங்களில் 4.5 பார்த்துப் பழகிய கண்ணோடு பார்த்து 3.4-ஐ ஒதுக்கிவிட வேண்டாம்.

எந்த வகை இடம் ஒத்துவரும்?

வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு ருசி. அதனால் எனக்கு எப்போதும் முதல் தேர்வு ஒரே கூரைக்குக் கீழ் பல கடைகள் இருக்கும் உணவுச் சந்தைதான். லிஸ்பனில் டைம் அவுட் மார்க்கெட், ஆம்ஸ்டர்டாமில் ஃபூட்ஹாலன், ராட்டர்டாமில் மார்க்ட்ஹால் மூன்றும் 2014-இல் திறந்தவை. கோபன்ஹேகனில் டோர்வஹாலர்ன இருக்கிறது. பிலடெல்பியாவின் ரீடிங் டெர்மினல் மார்க்கெட் 1893 முதல் நடக்கிறது. அது பகல் நேரச் சந்தை, இரவுச் சாப்பாட்டுக்கு நம்பிப் போகாதீர்கள். இந்த மாதிரி இடத்தில் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார, மற்றவர்கள் சுற்றி வந்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக உட்காரலாம். தானே வரிசையில் நின்று, தானே கேட்டு, சில்லறை எண்ணி வாங்கி வருவதே அவர்களுக்கு ஒரு அனுபவம்.

சிங்கப்பூரின் ஹாக்கர் சென்டர்களும் அதே வகைதான். அந்தக் கலாச்சாரத்தை 2020-இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்களும் அப்படியே பிடிக்கலாம். சாப்பிட்டு முடித்தபின் தட்டையும் அதை ஏந்தி வந்த டிரேயையும் அதற்கான அடுக்கில் கொண்டுபோய் வைப்பது 2021 செப்டம்பர் முதல் கட்டாயம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

ஜப்பானுக்கு முதல்முறை போகும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது, சோறும் மீனும் சேர்ந்த சுஷித் தட்டுகள் பெல்ட்டில் சுழன்று வரும் கடை. 1958-இல் ஒசாகா பக்கம் தொடங்கிய வழக்கம் இது. இப்போது பெரும்பாலான கடைகளில் மேசையிலேயே தொடுதிரை இருக்கிறது, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பச்சை மீன் பிடிக்காத பிள்ளைக்கும் நூடுல்ஸ், பொரித்த உருளைக்கிழங்கு, இனிப்பு எல்லாம் உண்டு. குரா சுஷியில் ஐந்து காலித் தட்டுகளை மேசையோரத் துளையில் போட்டால் திரையில் ஒரு விளையாட்டு வரும், ஜெயித்தால் பரிசு. ஃபாமிரெஸ் என்று சுருக்கிச் சொல்லப்படும் குடும்ப உணவகங்கள் இன்னொரு வழி. சைசெரியா, கஸ்டோ, ஜோனதன்ஸ் போன்றவை இந்த ரகம். பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட மெனு, குளிர்பானம் எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளும் ட்ரிங்க் பார், அடக்கமான விலை. உள்ளூர் மாணவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கும் இடங்கள் அவை.

டிக்கெட் எந்திரம் வைத்த ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கடைகளை வெளியூர்க்காரர்கள் பலர் பயந்து தாண்டிப் போய்விடுகிறார்கள். டோக்கியோவில் அப்படி ஒரு கடை வாசலில் என் மகனை முன்னால் நிற்க வைத்தேன். நோட்டை உள்ளே விட்டதும் பொத்தான்களில் விளக்கு எரிந்தது. கைபேசிக் கேமராவை எந்திரத்தின் பக்கம் திருப்பினான். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஆங்கிலமாக மாறின. இடது மேல் மூலையில் இருக்கும் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் பேர்போன பண்டமாக இருக்கும் என்பது அவன் எங்கோ படித்தது. அதை அழுத்தினான். சின்னச் சீட்டு விழுந்தது, மீதிச் சில்லறையும் விழுந்தது. சீட்டைக் கவுண்டரில் வைத்தவுடன் உள்ளே இருந்தவர் ஏதோ கேட்க, இவன் தலையாட்ட, பத்து நிமிடத்துக்குள் கிண்ணம் வந்துவிட்டது. அடுத்த கடையில் எங்கள் எல்லோருக்கும் அவனே சீட்டு எடுத்தான்.

பிரேசிலில் மதிய வேளைக்குக் கிலோ கணக்குக் கடைகள் இருக்கின்றன. வரிசையாக வைத்திருக்கும் பண்டங்களில் வேண்டியதை எடுத்துத் தட்டை எடை போட்டுப் பணம் கொடுக்க வேண்டும். துருக்கியின் லொகாந்தாக்களில் கண்ணாடிக்குப் பின்னால் சமைத்து வைத்திருப்பதைப் பார்த்து விரலால் காட்டினால் போதும். மதியமே போய்விடுங்கள், சாயங்காலம் பாத்திரங்கள் காலியாகிவிடும். கொரியாவில் மேசையிலேயே இறைச்சி சுடும் கடைகளை இந்த வயதுப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். பல இடங்களில் குறைந்தது இரண்டு பங்கு ஆர்டர் செய்ய வேண்டும். சுற்றி வைக்கும் சின்னச் சின்னத் தொட்டுக்கைகளைத் திரும்பக் கேட்டால் பொதுவாகக் காசு வாங்காமலே தருவார்கள். ஸ்பெயினில் வார நாட்களின் மதியத்தில் ‘மெனு தெல் தியா’ என்று கேளுங்கள். முதல் தட்டு, முக்கியத் தட்டு, இனிப்பு, ரொட்டி, ஒரு பானம் எல்லாம் சேர்ந்து ஒரே விலை. வளரும் பையனுக்கு அதைவிடத் திருப்தியான சாப்பாடு அந்த நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

வயதுக் கட்டுப்பாடு

சின்னக் குழந்தைகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் இந்த வயதில் உண்டு. பார்க்கப் பெரியவர்கள் மாதிரி இருப்பார்கள், சட்டப்படி சிறுவர்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

இங்கிலாந்தின் பப்களில் சாப்பாடு நன்றாகவே இருக்கும், பெரியவர்களோடு பிள்ளைகள் போகலாம். ஆனால் பல பப்கள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உள்ளே வைத்துக்கொள்வதில்லை. சமையலறையும் அந்த நேரத்தில்தான் மூடும். ஆறரைக்கே போய்விடுங்கள். கவுண்டரில் போய் மேசை எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுப்பதுதான் பெரும்பாலான பப்களில் வழக்கம். அமெரிக்காவில் மது குடிக்கும் வயது 21. உணவகமும் பாரும் சேர்ந்த இடங்களில் பார் பகுதியில் சிறுவர்களை உட்கார விடாத ஊர்கள் உண்டு. மேசை கேட்கும்போதே பிள்ளைகளின் வயதைச் சொல்லிவிட்டால் பிறகு எழுந்து இடம் மாற வேண்டியிருக்காது. ஜப்பானில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, புகைபிடிக்க அனுமதி உள்ள பகுதிக்குள் 20 வயதுக்குக் குறைந்தவர்கள் நுழையவே கூடாது, பெற்றோர் கூட இருந்தாலும் சரி. இதற்கான அறிவிப்பு கடை வாசலிலேயே ஒட்டியிருக்கும். சின்ன இஸகாயாக்களுக்கு, அதாவது மதுவோடு சாப்பாடும் தரும் கடைகளுக்கு, போகும்போது அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஒவ்வாமையும் சைவமும்

இதில் மட்டும் அசட்டை கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, எள், கடுகு உள்பட 14 ஒவ்வாமைப் பொருள்கள் எந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்று உணவகங்களும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனிலும் அதே 14. மெனுவில் பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எண்களோ எழுத்துகளோ இருந்தால் அதற்கான விளக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில் 9 பொருள்கள். எள் 2023-இல்தான் சேர்ந்தது. அந்தச் சட்டமும் பொட்டலமாக வரும் உணவுக்குத்தான். உணவகத்தில் ஒவ்வொரு முறையும் வாய் திறந்து கேட்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளையையே கேட்க விடுங்கள் என்பேன். இன்னும் சில வருடங்களில் நண்பர்களோடு தனியாகப் பயணம் போகப்போகிறவர்கள். நாம் பக்கத்தில் இருக்கும்போதே பழகிக்கொள்ளட்டும். அந்த நாட்டு மொழியில் எழுதிய அட்டை ஒன்றைத் தயார் செய்து, மொழி தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்து, பிள்ளையின் பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த அவசர ஊசி இருந்தால் அது விடுதியில் கிடக்கக் கூடாது, மேசையிலேயே இருக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிற பிள்ளை இருந்தால் இறைச்சி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. ஜப்பானில் காய்கறிக் குழம்பிலும் மீனில் எடுத்த தாஷி சாறு இருக்கும். தாய்லாந்தில் மீன் சாஸ் எல்லாவற்றிலும் விழும். இத்தாலியின் பார்மிஜானோ சீஸில், பாலை உறைய வைக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்கிறது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பாக ‘ஜே’ என்ற தாய் எழுத்தைப் பார்த்தால் அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. 1999 முதல் இயங்கும் ஹேப்பிகவ் தளத்தில் உலகம் முழுவதும் சைவ, வீகன் கடைகளைத் தேடலாம். சைவம் மட்டும் விற்கும் கடையைவிட இரண்டும் நன்றாகச் செய்யும் கடையைத் தேடுவது குடும்பத்துக்கு வசதி. தன்னால்தான் மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வராது.

வாசலில் ஒரு நிமிடம்

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு எழுந்து வரக் கூச்சமாக இருக்கும். அதனால் வாசலிலேயே பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் மெனுவை விலையோடு வெளியே மாட்டியிருப்பார்கள். ஜப்பானில் கண்ணாடிப் பெட்டியில் மாதிரிப் பண்டங்கள் அச்சு அசலாக இருக்கும். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு உள்ளே போகலாம். யாராவது ஒருவருக்கு எதுவுமே அமையவில்லை என்றால் அடுத்த கடை. ஆறு மொழியில் மெனு போட்டு, வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டால் தாண்டிப் போங்கள். பேர்போன சதுக்கத்தையோ கோபுரத்தையோ பார்த்தபடி இருக்கும் கடைகளில் அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை. அங்கிருந்து பத்து நிமிடம் உள்தெருக்களில் நடந்தால் சாப்பாடும் நன்றாக இருக்கும், பில்லும் இறங்கும்.

பில் வரும்போது

இத்தாலியில் தலைக்கு இவ்வளவு என்று ‘கோபெர்தோ’ என்ற மேசைக் கட்டணம் சேரும். அது ஏமாற்று இல்லை, வழக்கம். போர்ச்சுகலில் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பிரான்ஸில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். ஜெர்மனியில் தண்ணீர் என்றால் பாட்டில்தான் வரும், அதற்குத் தனி விலை. அமெரிக்காவில் மெனுவில் போட்ட விலைக்கு மேல் வரியும், அதற்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸும் சேரும். லண்டனில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் கொடுங்கள். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே இல்லை.

ஒரு வேளையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்

பயணத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுக்க ஒரு பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். மூன்றே நிபந்தனை: மொத்தச் செலவு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், நிற்கும் இடத்திலிருந்து இத்தனை நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் சாப்பிட ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். இடம் தேடுவது, வழி காட்டுவது, மேசை கேட்பது, ஆர்டர் கொடுப்பது, பில்லைச் சரிபார்ப்பது எல்லாம் அந்தப் பிள்ளையின் வேலை. அடுத்த நாள் இன்னொரு பிள்ளை.

பெற்றோர் இதில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும். அந்த வேளையில் குறை சொல்லக் கூடாது. சாப்பாடு சுமாராக இருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ‘நான் சொன்ன இடத்துக்குப் போயிருக்கலாம்’ என்று ஒரு வார்த்தை விழுந்தால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எந்த இடத்தையும் சொல்லாது, ‘எங்கே வேண்டுமானாலும் சரி’ என்று ஒதுங்கிக்கொள்ளும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒத்தே வரவில்லையா? ஒரு வேளை பிரிந்து சாப்பிடுவதில் தவறே இல்லை. அம்மாவோடு ஒருவர், அப்பாவோடு ஒருவர் போய்விட்டு இனிப்புக்கு ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளோடு தனித்தனியாக உட்கார்ந்து பேச வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம், அதற்காகவே நான் இதைச் சிபாரிசு செய்வேன். கைபேசியைப் பொறுத்தவரை, ஆர்டர் கொடுக்கும்வரை கையில் இருக்கட்டும். மெனுவை மொழிபெயர்க்க எப்படியும் வேண்டும். தட்டு வந்த பிறகு எல்லோரும் உள்ளே வைத்துவிடுவது, நீங்களும் சேர்த்து.

முதல் இரவுக்கும் அவசரத்துக்கும்

விமானம் தரையிறங்கும் நாளின் இரவுச் சாப்பாட்டை மட்டும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில், பெட்டிகளோடு, தெரியாத தெருவில் நான்கு பேர் நின்று விவாதிக்கும் நேரம் அது இல்லை. தங்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், நீங்கள் போய்ச் சேரும் நேரத்துக்குப் பிறகும் இரண்டு மணி நேரமாவது சமையலறை திறந்திருக்கும் கடையாகப் பார்த்து, அதோடு ஒரு மாற்று இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விமானம் தாமதமானால் இரண்டும் மூடியிருக்கலாம், அதனால் பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் எத்தனை மணிவரை என்றும் தெரிந்து வையுங்கள். ஜப்பானில் கவலையே வேண்டாம். செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகள் பெரும்பாலும் நாள் முழுக்கத் திறந்திருக்கும், ஒனிகிரி என்ற சோற்று உருண்டையும் சூடான சாப்பாடும் கிடைக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். அன்று போய் இறங்குகிறீர்கள் என்றால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளிலேயே மறுநாள் காலைக்கும் சேர்த்து ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போங்கள்.